அறுப்பதற்கு இரண்டு கெஜம்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில், திருத்தணி பஜாரில் தொடங்கி ஆர்.கே.பேட்டை ரோட்டோரத்துக் கிணறு ஒன்றில் முடிந்த சம்பவம் இது. நடந்ததை நடந்த வரிசையிலேயே முதலில் எழுதிவிடுகிறேன்.

1. நகரி மலையின் மூக்குப் பாறை மேல் ஏறுவது என்று நாங்கள் நான்கு பெண்கள் தீர்மானித்தோம்.

2. அதற்கு வேண்டிய சாமான்களுக்கு நான் பட்ஜெட் போட்டேன்.

3. வாங்கும் கயிற்றில் இரண்டு கெஜத்தை அறுத்துப் பார்ப்பதற்கென்று அதில் ஒரு செலவு எழுதினேன். மற்ற மூவரும் சிரித்தார்கள்.

4. கடையில் கயிறு அறுந்தது.

5. அதே கயிற்றின் மறுபாதி அப்போது ஒரு கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஓர் ஆள் இருந்தார்.

ஐந்து வரிகளில் அடங்கிவிட்டது. ஆனால் நான்காவதிலிருந்து ஐந்தாவதற்குப் போய்ச் சேர்ந்த அந்த முற்பகலை நான் இன்னும் மறக்கவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் படித்த பெண்களைச் சேர்த்துப் பல வேலைகளுக்குப் பழக்கினார்கள். எனக்குக் கிடைத்தது படம் வரையும் பயிற்சி. பிறகு ஒரு சோதனைச் சாலையில் போட்டார்கள். கயிறு, கான்வாஸ், தோல் வார் என்று எது வந்தாலும் அதில் ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் மாட்டி, அறும் வரை இழுப்பார்கள். எத்தனை பவுண்டில் அறுந்தது என்று எழுதுவது என் வேலை. ஒரு கயிறு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள அதில் ஒரு துண்டைப் பலி கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அறுந்த துண்டு நஷ்டமல்ல. மீதிக் கயிற்றுக்கு அதுதான் ஜாமீன்.

பாறை ஏறும் பைத்தியமும் அந்த நாட்களில் பிடித்ததுதான். சில மாதம் நீலகிரியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வேலை செய்த பெண்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை ஏறப் போவார்கள். நானும் போனேன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி மராமத்து ஆபீசில் படம் வரையும் வேலையில் சேர்ந்த பிறகும் அது விடவில்லை. திருத்தணிக்காரர்களுக்கு மலை ஏறுவது புதிதல்ல. ஆனால் எங்கள் மலைக்குப் படி உண்டு. வடக்கே பார்த்தால் நகரி மலையின் மூக்கு வானத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் படி இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கூட வரச் சம்மதித்தவர்கள் மூவர். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், என் நெருங்கிய சிநேகிதி. மற்ற இருவரும் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவதாகப் பேச்சு. நாற்பது ரூபாயில் நான்கு பேருக்கும் எல்லாம் ஆக வேண்டும்.

பட்ஜெட்டுக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. நாம் தாங்கிக்கொள்ளக்கூடிய விஷயத்தில் எவ்வளவு சிக்கனம் வேண்டுமானாலும் பிடிக்கலாம். நம்மைத் தாங்குகிற பொருளில் ஒரு காசு கூடப் பிடிக்கக் கூடாது. அதன்படி பூட்ஸ் வேண்டாம் என்றேன். மிலிட்டரி பூட்ஸ் மலிவுதான். ஆனால் எல்லாம் ஆண்பிள்ளைக் கால் அளவு. ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஜோடு போதும். முதுகுப் பையைக் காக்கித் துணியில் நாங்களே தைத்துக்கொள்வது. தண்ணீருக்கு சோடா பாட்டில், மேலே ஈரச் சாக்கு சுற்றியது. டிங்சர், பஞ்சு, கட்டுத்துணி நர்ஸ் பொறுப்பு. இப்படி இழுத்துப் பிடித்ததில் பாதிக்கு மேல் மிஞ்சியது. அவ்வளவையும் கயிற்றுக்கு ஒதுக்கினேன். அதன் கீழே, அறுத்துப் பார்க்க இரண்டு கெஜம் என்று தனியாக எழுதினேன்.

"ஏண்டி, காசு குடுத்து வாங்கி அறுத்துப் போடறதா?" என்றாள் நர்ஸ். "அந்தக் காசுல ஆளுக்கு நாலு ஆரஞ்சு வாங்கிக்கினு போலாம். மேல ஏறி உக்காந்து உரிச்சித் தின்னலாம்."

"மேல போய் உக்காரணும்னா இது வேணும்" என்றேன்.

"சரி, எழுதிக்கோ. கயிறு அறுந்தா கட்டுப் போடறது நான்தானே. எனக்கும் வேலை மிச்சம்."

மறுநாள் விடுமுறை. நர்ஸும் நானும் பஜாருக்குப் போனோம். யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற கடைகள் எங்கும் முளைத்திருந்தன. எங்கள் பஜாரில் ஒரு பாய் அப்படி ஒரு கடை வைத்திருந்தார். கொசுவலை, கம்பளி, தகரத் தட்டு எல்லாம் குவிந்து கிடக்கும். சிப்பாய்களின் இரும்புத் தொப்பியைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கவென்று ஜனங்கள் வாங்கிப் போவார்கள்.

"வாங்கம்மா. கொசுவலையா, கம்பளியா?" என்றார்.

"கயிறு வேணும் பாய்."

"கெணத்துக்கா, மாட்டுக்கா?"

"எங்களுக்குத்தான்" என்றாள் நர்ஸ். "நாலு பேரும் ஒரே கயித்துல கட்டிக்கினு மலை ஏறப் போறோம்."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முருகன் படி கட்டி வச்சிகீறானேம்மா. அதுல ஏறக்கூடாதா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய், கட்டைவிரல் தடிமனில் ஒரு கயிற்றுச் சுருளை உருட்டிக்கொண்டு வந்தார். மேலே பார்க்க அழகாக இருந்தது. பொன் நிறம், இறுக்கமான முறுக்கு. "மிலிட்டரி மால். வெள்ளக்காரன் ஏரோப்ளேனையே இதுலதான் கட்டி வச்சிருந்தான்" என்றார்.

இரண்டு கெஜம் வெட்டிக் கொடுங்கள், காசு தருகிறேன், அதை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வாங்குவேன் என்று சொன்னேன்.

"வாங்கற துணிய கடையிலயே கிழிச்சிப் பாக்கறவங்கள நான் பாத்ததில்லமா."

"துணி கிழிஞ்சா வேற துணி கட்டிக்கலாம் பாய்."

அவருக்குக் கோபம் வரவில்லை, ரோசம்தான் வந்தது. அடுத்த வாசல் அரிசி மண்டி. அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, விட்டத்து இரும்பு வளையத்தில் தொங்கும். தராசைக் கழற்றி, அந்த வளையத்தில் என் இரண்டு கெஜத்தைக் கட்டி, கீழ் நுனியில் தராசின் பலகைத் தட்டை மாட்டச் சொன்னார். "ஏத்துங்கடா மூட்டய! இந்தம்மா கண்ணால பாக்கட்டும்!"

மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டம் சும்மா போகுமா? தலையில் சந்தனம் காயாமலே சுற்றி நின்றுகொண்டது. "இன்னா, யானை கட்டப் போறாங்களா?" என்று ஒருவர் கேட்டார். "யானை இல்ல நைனா, நாலு பொம்பளைங்க" என்றார் மண்டிக்காரர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

முதல் மூட்டை ஏறியது. கயிறு விறைத்து நின்றது. பாய் என்னைப் பார்த்துத் தாடியைத் தடவினார். அந்தத் தடிமனில் நல்ல கயிறு என்றால் பத்து மூட்டைக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது மூட்டையை ஆட்கள் பலகை மேல் இறக்கினார்கள். கை எடுப்பதற்குள் கயிறு அறுந்து, பலகை தரையில் மோதி, மூட்டை பிரிந்து அரிசி தெருவில் கொட்டியது.

கூட்டம் கைதட்டியது. நான் அறுந்த நுனியை எடுத்துக் கொண்டை ஊசியால் புரியைப் பிரித்தேன். வெளியே பொன் நிறம், உள்ளே பழுப்பு. நார் நாராக இல்லாமல் பொடியாக உதிர்ந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் காரமான நெடி. சோதனைச் சாலையிலேயே இந்த நெடியை அறிவேன்: நாரை உள்ளுக்குள் அரித்துவிடும் திராவகத்தின் நெடி.

"பாய், இத எங்க வச்சிருந்தீங்க? பக்கத்துல மோட்டார் பாட்டரி ஏதாவது இருந்துதா?"

நிமிர்ந்து பார்த்தேன். கூட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"பின்னால கொட்டாயில, பாட்டரிங்களுக்குக் கீழதான் கெடந்துது" என்றார். "நேத்து சாயங்காலம் இதுலேர்ந்து பாதிய அறுத்துக் குடுத்துட்டேம்மா. ஆர்.கே.பேட்ட ரோட்டுல ஒருத்தர் கெணறு ஆழப்படுத்தறாரு. இன்னிக்கு வெடி வைக்கறதா சொன்னாரு."

கிணற்றுக்கு வெடி வைப்பது எப்படி என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அடியில் பாறையைத் துளைத்து வெடிமருந்தை இடித்து நிரப்புவார்கள். ஒருவர் மட்டும் கீழே நின்று திரியைப் பற்றவைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். மேலே உள்ளவர்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். திரி எரிந்து முடிவதற்குள் ஆள் மேலே வந்துவிட வேண்டும். நடுவில் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"எப்ப வைப்பாங்க?"

"மத்தியான சோத்துக்கு முன்ன."

பாய் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். அங்கே அவர் ஏலத்தில் எடுத்த மிலிட்டரி மோட்டார் சைக்கிள் ஒன்று, பக்கத்தில் தொட்டி வைத்தது, வாங்க ஆளில்லாமல் நின்றிருந்தது. அது உதைத்தால் கிளம்பாது, தள்ளினால்தான் கிளம்பும். மொட்டைத் தலைகள் எல்லாம் சேர்ந்து தெருவில் தள்ள ஆரம்பித்தன.

நான் கடைக்குள் போனேன். ஆளை வெறுமனே நிறுத்தினால் போதாது. கீழே இருப்பவர் மேலே வர வேறு கயிறு வேண்டும். சுவர் ஆணியில், தரை படாமல், இன்னொரு சுருள் தொங்கியது. கொஞ்சம் மெல்லியது, விலை கூடியது. அதை எடுத்து நுனியில் இரண்டு கெஜம் வெட்டி, மண்டிக்காரரிடம் நீட்டினேன். "இதையும் கட்டுங்க."

நர்ஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு இன்னா பைத்தியமா? அங்க ஒரு உயிரு போவுது. எடுத்துக்கினு வா!"

"இதுவும் அதே மாதிரி இருந்தா? வண்டி கிளம்பற வரைக்கும் நேரம் இருக்கு."

மண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் கட்டினார். ஒரு மூட்டை, இரண்டு, மூன்று, நான்கு. பலகையில் இடம் இல்லாமல் போய், ஐந்தாவதைக் கொண்டுவந்த ஆள் மூட்டையோடு தானும் ஏறி நின்றார். கயிறு முனகியது, அறவில்லை. தெருக்கோடியில் மோட்டார் சைக்கிள் வெடித்துக் கிளம்பிய சத்தம் கேட்டது.

தொட்டியில் ஒருவர்தான் உட்காரலாம். நாங்கள் இருவரும், மடியில் கயிற்றுச் சுருளும் உட்கார்ந்தோம். அந்த ரோட்டில் போனவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அன்று அவர்கள் பார்த்தது நாங்கள்தான் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

கிணறு ரோட்டை ஒட்டிய வயலில் இருந்தது. ஐப்பசி மழை பொய்த்த வருஷம். நெல் நட்டு அறுக்க வேண்டிய நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்று வாயில் மரச் சட்டம் நிறுத்திக் கப்பி மாட்டியிருந்தார்கள். கப்பியில் அதே பொன் நிறக் கயிறு. நான்கு ஆட்கள் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தயாராக நின்றார்கள். அடியிலிருந்து ஒரு குரல் மேலே வந்தது. "நைனா, பத்த வச்சிரட்டா?"

பாய் வண்டியை நிறுத்தவில்லை. வரப்பில் மோதி அது தானாக நின்றது. "வேணாம்! ஆகு! நிறுத்து!" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டே ஓடினார். நிலத்துக்காரர், வயதானவர் அல்ல, நாற்பது இருக்கும், திடுக்கிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, பற்றவைக்காதே என்று சொன்னார்.

பாய் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். நிலத்துக்காரர் நம்பவில்லை.

"காலையிலேர்ந்து கல்லு தூக்கிக்கினு கீது பாய். ஆளும் இதுலதான் எறங்கினான். அறுந்துபோறதா இருந்தா அப்பவே அறுந்திருக்காதா?"

பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"மலை ஏறறதுக்குக் கயிறு வாங்க வந்தாங்க" என்றார் பாய்.

"மலை ஏறறவங்களுக்கு எங் கெணத்தாண்ட இன்னா வேல?"

நியாயமான கேள்விதான். பதிலாக அவர் கயிற்றின் நுனியை வாங்கி, கொண்டை ஊசியால் புரியைப் பிரித்து, அவர் உள்ளங்கையில் உதறினேன். பழுப்புப் பொடி விழுந்தது. "மெதுவா எறங்கும்போது ஆளோட கனம் மட்டும்தாங்க. வெடிக்குப் பயந்து வெடுக்குன்னு இழுக்கும்போது அதுக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு இழுக்கும். அதுக்கு இது நிக்காது" என்றேன். அவர் பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றினார். என் கயிறு ஏறியது.

மேலே வந்த ஆள் என் வயதுதான் இருப்பார். உடம்பெல்லாம் கல்தூசி. அவருக்கு எரிச்சல். "திரிய கையில புடிச்சிக்கினு நிக்கறேன், இப்ப வாணாம்னா இன்னா அர்த்தம்?"

நிலத்துக்காரர் பழைய கயிற்றைச் சும்மா விடுவதாக இல்லை. கிணற்றிலிருந்து எடுத்துப் போட்ட கல் ஒன்றை அதில் கட்டி, இதோ இங்கேயே இழுத்துப் பார்க்கலாம் என்று கப்பியை நோக்கிப் போனார். கிணற்றுக்கு மேல் வேண்டாம், கீழே மருந்து இருக்கிறது என்று தடுத்தேன். அருகில் இருந்த புங்க மரத்துக் கிளையில் போட்டார்கள். கல்லைத் தூக்கி, கயிறு தளர விட்டுக் கைவிட்டார்கள். கல் ஒரு முழம் இறங்கியது. கயிறு சத்தமே இல்லாமல் இரண்டானது. கல் தரையில் குழி பறித்துக்கொண்டு கிடந்தது.

மேலே வந்தவர் போய் அந்தக் கல்லைக் காலால் புரட்டிப் பார்த்தார். பிறகு நிலத்துக்காரரிடம் சொன்னார்: "நான் இதவிட கனம், நைனா."

பாய் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அவர் கையில் சோடா பாட்டில் தண்ணீரைக் கொடுத்தாள். மலைக்கென்று சாக்கு சுற்றித் தயாரித்த முதல் பாட்டில் அது; தண்ணீர் குளிர்ச்சியாக நிற்கிறதா என்று பார்க்கக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

மருந்து இடித்த துளையை அப்படியே விட முடியாது. அன்றே வெடிக்க வேண்டும். அதே ஆள் என் கயிற்றில் மறுபடி இறங்கினார். பற்றவைத்துக் குரல் கொடுத்தார். நான்கு பேர் ஓடினார்கள்; பாயும் ஐந்தாவதாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆள் வெளியே வந்து எங்களோடு ஓடி மரத்தின் பின்னால் விழுந்தார். அதற்குப் பிறகுதான் பூமி அதிர்ந்தது.

தூசி அடங்கியதும் அவர் என்னிடம் கேட்டார்: "நாங்க தண்ணிக்காகக் கீழ எறங்கறோம். நீங்க இன்னாத்துக்கும்மா மேல ஏறிப் போறீங்க?"

"பாக்கறதுக்கு."

"இன்னாத்த?"

"அங்கேர்ந்து உங்க கெணறு தெரியுதான்னு பாக்கறேன்" என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

வேலை முடியும் வரை கயிறு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம். அதனால் அந்த மாசியில் நாங்கள் நகரிக்குப் போகவில்லை. நிலத்துக்காரர் கயிற்றின் விலையைப் பாயிடம் கொடுத்துவிட்டார். பாய் எங்களுக்குப் புதுக் கயிறு வரவழைத்துக் கொடுத்தார். பாட்டரி அருகே கிடந்த சரக்கையெல்லாம் கடைவாசலில் போட்டு எரித்தார். அவருக்கு அது பெரிய நஷ்டம். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவே செய்தார். அதற்குப் பிறகு அவர் கடையில் கயிறு கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டை வெட்டி மண்டி வளையத்தில் கட்டிக் காட்டிவிட்டுத்தான் விற்கிறார். மண்டிக்காரர் மட்டும், அரிசி கொட்டினால் காசு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அடுத்த தை மாதம் மூக்கின் மேல் ஏறினோம். கான்வாஸ் ஜோட்டில் ஒன்று வழியிலேயே கிழிந்தது, அதைத் தாங்கிக்கொண்டோம். மேலே உட்கார்ந்து நர்ஸ் ஆரஞ்சு உரித்தாள். அவள் தன் காசில் வாங்கி வந்தது. கிணறு தெரியவில்லை. ஏரிகள் மட்டும் காசு காசாக மின்னின. இறங்கியதும் அந்த ஆளுக்கு அதைச் சொல்லியனுப்பினேன்.

இப்போதைய நிலை இது. ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் கயிற்றின் நுனியில் இரண்டு கெஜம் வெட்டி அறுத்துப் பார்க்கிறேன். அதனால் எங்கள் கயிறு வரவரக் குட்டையாகிக்கொண்டிருக்கிறது. குட்டையாவதில் எனக்கு வருத்தம் இல்லை. வெட்டிப் போட்ட அந்தத் துண்டுகளை நம்பித்தான் மீதிக் கயிற்றில் நாங்கள் நான்கு பேரும் தொங்குகிறோம். வருகிற தை மாதத்துக்குப் புதுக் கயிறு வாங்க வேண்டும். பட்ஜெட்டில் முதல் வரியாக, அறுத்துப் பார்க்க இரண்டு கெஜம் என்று எழுதியாகிவிட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.